ஜாலி இல்லாத ஊர் என்று சொல்கிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், வங்கி, வருவாய்த்துறை, மின்வாரியம், அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கும்,

"ஊர் எப்படி இருக்கு?" என்று உங்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வருகிறது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஜாலியா ஒண்ணுமில்ல, அதான்." இதில் ஏளனம் இல்லை, ஏக்கம்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. இருபத்தைந்து வயதில் முதல் வேலை. கேணிக்கரையிலோ பாரதி நகரிலோ ஒற்றை அறை வாடகைக்கு. சாயங்காலம் அலுவலகம் முடிந்தால் புரோட்டாக் கடை, அதன்பின் கைபேசி. வெள்ளிக்கிழமை மதுரை பஸ், திங்கள் விடிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு திரும்பி வருதல். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்ற மிரட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான் என்று யாரோ சொல்லி, அதை மனத்தில் வைத்துக்கொண்டே வந்து இறங்கியவர்கள். இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு மாற்றல் வாங்கிப் போய்விடலாம் என்று நாள் எண்ணினால் உங்களைக் கோபித்துக்கொள்ள முடியாது.

ஆனாலும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் தேடுவது இங்கே இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஜாலி என்றால் சனி, ஞாயிறு என்று உங்கள் மனம் பழகியிருக்கிறது. எங்கள் ஊர்கள் சனி, ஞாயிறு பார்த்து நாள் குறிப்பதில்லை. அம்மனுக்குச் செவ்வாய்க்கிழமை சாட்டுவார்கள், இன்னொரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு பிறையைப் பார்த்து வரும். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்ற கணக்கில் கடலுக்குப் போகின்றன. ஊரின் ஓய்வும் அந்தக் கணக்கில்தான் வரும். நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியைத் திறக்கும் ஒரு புதன்கிழமை இரவில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரே விழித்துக்கொண்டிருக்கிறது.

ஜாலி என்ற அந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம், நீங்களும் நானும் தினமும் புழங்குகிற சொல் அது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வட ஐரோப்பாவில் நடுக்குளிர்காலத்தில், பகல் குறுகிப்போன நாட்களில், தீ மூட்டி விருந்து வைத்துக் கொண்டாடிய யூல் திருவிழாவின் பெயரோடு இதற்கு உறவு உண்டு என்று சொற்பிறப்பு ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது முதலில் ஆளைப் பற்றிய சொல். வாய் நிறையச் சிரித்து, தன்னோடு கூட்டத்தையும் சிரிக்க வைக்கிற மனிதருக்கு அந்தப் பெயர். கிறிஸ்துமஸ் தாத்தாவை இன்றைக்கும் அந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். தமிழுக்கு வந்த பிறகு அது ஆளை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார் வராத பீரியட் ஜாலி. மேலதிகாரி விடுப்பில் போனால் ஜாலி. பொறுப்பில்லாமல் இருப்பவனைப் பற்றி "அவனுக்கென்ன, ஜாலியா இருக்கான்" என்கிறோம். வேலையிலிருந்து தப்பித்துக் கிடைக்கிற களிப்பு என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. அந்தப் பொருளில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்த வகைக் களிப்புக்கு இந்தக் கடற்கரையில் இடம் குறைவு. இங்கே களிப்பே ஒரு பெரிய வேலை. காசு பிரித்து, விரதம் இருந்து, வாரக்கணக்கில் ஊர் கூடிச் செய்து முடிக்கிற வேலை.

முளைப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். காப்புக் கட்டியதும் ஊருக்குப் பொதுவான ஓர் இருட்டறையில் ஓடுகளிலும் சட்டிகளிலும் எருவைப் பரப்பி, ஊற வைத்த பயறு வகைகளைத் தூவுவார்கள். வெளிச்சம் படக்கூடாது. அதனால் முளை பச்சையாக இல்லாமல் வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று எழும். பாரி வளர்க்கும் பெண் அத்தனை நாளும் விரதம். முளை நன்றாக வந்தால் அந்த வருடம் ஊருக்கு மழை என்று நம்பிக்கை. ஆண்டின் பெரும்பகுதி வானத்தைப் பார்த்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி நிற்கிற மண்ணில் இது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் முளைக்கொட்டுத் திண்ணைக்கு முன்னால் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மியடிப்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பகலில் மிளகாய்க் காட்டிலோ நூறு நாள் வேலையிலோ குனிந்து நிமிர்ந்த அதே உடம்புதான் இரவில் கும்மியிலும் குனிந்து நிமிர்கிறது. பேத்திகள் வெளி வட்டத்தில் நின்று தப்பும் தவறுமாகக் கை தட்டிப் பழகுகிறார்கள். கடைசி நாள் பாரியைத் தலையில் ஏற்றிக் குலவையிட்டு வரிசையாகப் போய் ஊருணியிலோ கண்மாயிலோ கரைப்பார்கள்.

உங்களில் பெண்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். ராத்திரி எங்கே போவது, யாரோடு போவது என்ற தயக்கம் உங்களுக்கு உண்டு. அது நியாயமானது. கும்மி வட்டம் நடக்கிற தெருவில் அந்த இரவு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வெளியேதான் இருப்பார்கள். நீங்கள் ஓரமாக நின்றால் போதும், "வாங்க டீச்சர், நீங்களும் ஒரு சுத்து வாங்க" என்று யாராவது கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். உங்கள் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அங்கே உங்களுக்கு அடவு சொல்லிக் கொடுப்பாள்.

வருவாய்த்துறைக்காரர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. பாரி கரைக்கிற நாளுக்குள் ஊருணியில் தண்ணீர் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுக்க வருவார்கள். அந்தக் கரையில் ஒருமுறை நின்று பார்த்தவருக்கு அந்த மனுவை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாடகத்துக்கு வருகிறேன். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் பஸ் நிறுத்தச் சுவர்களைக் கவனியுங்கள். நடிகர்களின் படத்தோடு, அவரவர் ஊர்ப் பெயரும் போட்டு, வள்ளி திருமணம் நாடக நோட்டீஸ் ஒட்டியிருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த வடிவம் நூறாண்டு கழித்தும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கிறது. நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்ததும், யாரோடு யார் எந்தப் பாட்டில் சேர்வது என்பது மேடையிலேயே முடிவாகும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. கேள்வி எந்தப் பக்கம் திரும்பும், பதில் எப்படி வந்து விழும் என்று பாயில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருப்பார்கள், அந்த நடிகர் அதை இன்றைக்கு எப்படிச் சொல்கிறார் என்று பார்ப்பதற்காக.

இதற்கெல்லாம் முன்னால் மேடைக்கு வருகிறவர் பபூன். இதுவும் ஆங்கிலச் சொல்தான், சிரிக்க வைப்பவருக்கான பெயர். ஆனால் இங்கே யாரும் அதை ஆங்கிலம் என்று நினைப்பதில்லை. "இந்த வருசம் பபூன் யாரு?" என்பது நாடகம் பேசி முடித்ததும் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி. பபூன் நன்றாக அமைந்தால் குழந்தைகள் தூங்காது, பெரியவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள், கூட்டம் விடியும்வரை நிற்கும். அவர் தன் பிழைப்பை, தன் கல்யாணத்தை, சென்னைக்குப் போய்த் திரும்பிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஊரின் கடனும் வட்டியும் மாமியார் சண்டையும் வந்துவிடும். வங்கியில் பணிபுரிகிறவர்கள் ஒரு தடவையாவது அந்தப் பகுதியைக் கேட்க வேண்டும். நகைக் கடன் கவுண்டருக்கு வருகிறவர்கள் உங்களிடம் சொல்லாத விஷயங்களை அங்கே சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது பல ஊர்களில் நாடகத்துக்குப் பதில் ஆடல் பாடல் வைக்கிறார்கள். அதற்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போகிறவர்களும் உண்டு. இளைஞர்கள் கேட்கிறார்கள், ஊர் கொடுக்கிறது. எனக்கு நாடகம்தான் பெரிது. அதை மறைத்துப் பேச விருப்பமில்லை.

கடல் பக்கம் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைமுகங்களில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை பொத்துவதும் படகைப் பழுது பார்ப்பதும் நடக்கும். கையில் காசு குறைவு, நேரம் அதிகம். விடுமுறை என்று நீங்கள் நினைக்கக்கூடிய அந்த இரண்டு மாதம் படகுக்காரர்களுக்கு நெருக்கடிக் காலம். இதைச் சொல்லக் காரணம், ஓய்வும் களிப்பும் இங்கே ஒரே பையில் வருவதில்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதுதான்.

களிப்பைப் பார்க்க வேண்டுமானால் தொண்டிப் பக்கம் போக வேண்டும். நம்புதாளை, சோழியக்குடி போன்ற கரையோர ஊர்களில் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். அன்றாடத் தொழிலில் பாயின் இடத்தை எஞ்சின் பிடித்துப் பல காலம் ஆயிற்று. காற்றை எந்தப் பக்கம் வாங்குவது, எப்போது பாயைத் தளர்த்துவது, படகு சாயும்போது யார் எந்த ஓரத்தில் தொங்கிப் பிடிப்பது என்ற அறிவெல்லாம் தொழிலில் இன்று அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. போட்டி இருப்பதால் அந்த அறிவு இருக்கிறது. தாத்தா கையிலிருந்து பேரன் கைக்கு அது மாறுவது போட்டிக்கு முந்தைய பழக்க நாட்களில்தான். கரையில் நிற்கிற படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளும் பெண்களும் போடுகிற கூச்சலைக் கேட்டால், இந்த மாவட்டத்தில் ஜாலி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தாமும் ஒரு படகைத் தேர்ந்தெடுத்துக் கத்தத் தொடங்கிவிடுவார்.

கச்சத்தீவைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி அல்லது மார்ச்சில், புனித அந்தோனியார் திருவிழா இரண்டு நாள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்ப்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. ராமேஸ்வரத்திலிருந்து இங்கேயுள்ளவர்கள் படகில் போவார்கள், நெடுந்தீவு, யாழ்ப்பாணப் பக்கமிருந்து அங்கேயுள்ளவர்கள் வருவார்கள். 1974 உடன்பாட்டில் தீவு இலங்கைக்குப் போனபோதும், இந்திய மீனவர்களும் பக்தர்களும் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் அங்கே போய்வரலாம் என்று எழுதப்பட்டது. போர்க்காலத்தில் திருவிழா நின்றுபோனது. 2009இல் போர் முடிந்த பிறகு மறுபடி தொடங்கியது. 2016இல் அங்கே புதிய ஆலயம் திறக்கப்பட்டது. குடிதண்ணீர் கூடச் சரியாகக் கிடைக்காத, ஆள் குடியில்லாத 285 ஏக்கர் நிலம். அந்த ஒரே ஒரு இரவு அங்கே சமையல் புகையும் செபமும் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அக்காள் பிள்ளையும் தங்கை பிள்ளையும் முதல்முறையாகப் பார்த்துக்கொள்வார்கள். எண்ணெயும் சோப்பும் கைமாறிய காலம் பற்றி மூத்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

2024 பிப்ரவரியில் ராமேஸ்வரத்து மீனவர்கள் அந்தத் திருவிழாவுக்குப் போகவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகோட்டிகளுக்கு இலங்கையில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்துப் புறக்கணித்தார்கள். வருடம் முழுக்க எதிர்பார்த்திருந்த இரண்டு நாளைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். தங்களிடம் இருந்த மிகப் பெரிய களிப்பைக் கொடுத்துத்தான் தங்கள் துயரத்தைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் மறுபடி போனார்கள். இந்தக் கரையில் கொண்டாட்டம் எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று நான் தேடவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்வாடியில் சந்தனக்கூட்டுக்குக் கூடுகிற கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கீழக்கரையில் நட்பு இருந்தால் தொதல் என்ற இனிப்பு வீட்டுக்கு வந்து சேரும். பெருநாளுக்கு உங்களை அழைப்பார்கள், போங்கள். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தையொட்டி உத்தரகோசமங்கையில் மரகத நடராசரின் சந்தனக்காப்பைக் களைகிற நாள் ஆண்டுக்கு ஒன்று. தங்கச்சிமடத்தில் ஜூலையில் புனித சந்தியாகப்பர் திருவிழா. எருதுகட்டு நடக்கிற ஊர்களில் வடத்தில் கட்டிய காளையின் பாய்ச்சலைப் பார்க்கலாம், எட்ட நின்று. பகலில் நேரம் கிடைத்தால் ராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்துக்குள் போங்கள். 18ஆம் நூற்றாண்டுச் சேதுபதியின் போரும் தர்பாரும் ஆடல் பாடலும் சுவர் முழுக்க ஓவியமாக இருக்கின்றன. விலாசம் என்றால் இன்று தபால்காரருக்கு வேண்டிய முகவரி. அந்த மண்டபத்துக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அது களிப்பும் விளையாட்டும்.

தனுஷ்கோடிக்கு நீங்கள் ஏற்கெனவே போயிருப்பீர்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு அதுதான் உங்கள் நண்பர்கள் கேட்கிற ஒரே இடம். அங்கே சிரிக்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்த ஊரையும் பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் கொண்டுபோனது. ஆனாலும் மீனவக் குடும்பத்தினர் இன்னும் அங்கே குடிசை போட்டுத் தொழில் செய்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் அந்த மணலில்தான் விளையாடுகிறார்கள். இடிந்த ஆலயத்துச் சுவரில் ஏறிப் படம் எடுக்காதீர்கள், முனையில் கடலுக்குள் இறங்காதீர்கள். இரண்டு கடல் சேர்கிற இடத்தில் அடி நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

எல்லாம் இனிமை என்று உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. யாரிடம் திருவிழா வரி வாங்குவது, யாருக்கு முதல் மரியாதை, எந்தத் தெரு வழியாகச் சாமி வருவது என்பதில் சாதி வந்து நிற்கிற ஊர்கள் இங்கே இருக்கின்றன. அதனால் திருவிழா நின்றுபோன ஊர்களும் உண்டு. அப்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் போடுவார்கள், உங்களில் சிலர் அதில் கோப்போடு உட்கார்ந்திருப்பீர்கள். அந்தத் திருவிழாவை ஒருநாளும் பார்க்காதவர் அங்கே உட்கார்ந்தால் பிரச்சினை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தடை போடுவது எளிது, கையெழுத்து ஒன்று போதும். எல்லாத் தெருவும் சேர்ந்து கும்மியடித்த ஊரையும் பார்த்தவருக்கு, பேசிச் சேர்த்து நடத்த வைக்கலாமே என்று தோன்றும். ஊரில் இருக்கிற களிப்பு எல்லோருக்கும் உரியதாக வேண்டுமென்றால், அதை அறிந்த அரசு ஊழியர்கள் எங்களுக்கு வேண்டும். உங்களை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகவும்தான்.

மின்வாரியத் தம்பிமார் இதையெல்லாம் ஓரளவு அறிவார்கள். தேர் வரும் தெருவில் லைனை நிறுத்தி, தேர் தாண்டியதும் கொடுக்கிறவர்கள் அவர்கள். தூங்கி வழியும் பிள்ளைகளைப் பார்த்து எரிச்சல்படுகிற ஆசிரியர்கள் முந்தைய நாள் எந்த ஊரில் நாடகம் என்று ஒருமுறை விசாரிக்கலாம்.

வருவதென்றால் சில விஷயங்கள். நோட்டீஸில் இரவு 10 மணி என்று போட்டிருந்தால் பபூன் வர இன்னும் நேரம் ஆகும், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். கீழே விரிக்க ஒரு பாயோ பழைய போர்வையோ எடுத்து வாருங்கள், முன்வரிசை குழந்தைகளுக்கு. காலணியை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். பாரி வளரும் அறைக்குள் எட்டிப் பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். அலுவலக உதவியாளரோ வாடகை வீட்டுக்காரரோ பக்கத்து ஊர்க்காரராக இருப்பார், அவரிடம் "உங்க ஊர்ல எப்போ காப்பு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே அவர் உங்களை வீட்டுக்குக் கூப்பிடுவார். வரி வசூலுக்கு வருகிறவர்கள் வெளியூர்க்காரர் என்று உங்கள் கதவைத் தட்டாமல் போய்விடக்கூடும். நீங்களாகவே போய் உங்களால் முடிந்ததைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அன்று இரவு ஒலிபெருக்கியில் சிங்கப்பூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பணம் அனுப்பியவர்களின் பெயர்களுக்கு நடுவே உங்கள் பெயரையும் பதவியோடு வாசிப்பார்கள். வாசிக்கும்போது ஊரில் இருங்கள்.

அன்புடன்,
இந்தக் கரையில் பிறந்து இங்கேயே இருக்கும் ஒருவர்